மண்ணிடம் சொல்லாமல் விட்டது

சௌக்கத் அலியின் எதிரில் வாயைத் திறக்க ராயபுரத்தில் பலருக்கு பயம். அவர் ஒன்றும் அடிதடிக்காரர் இல்லை. "பேஜாரா கீது பாய்" என்று யாராவது அலுத்துக்கொண்டால் போதும், அந்தப் பேஜாரு பாரசீகத்தில் பிறந்து, உருதுவில் வளர்ந்து, நவாப்புகளின் ஆட்களோடு ஆற்காட்டுக்கு வந்து, அங்கிருந்து மெட்ராஸ் சேர்ந்த கதையை ஆரம்பித்துவிடுவார். கேட்பவனின் டீ ஆறிப்போகும், பேஜாரு இரண்டு பங்காகும். "நம்ம வூட்டுக்கு வர்றவங்க ஊமையா இருந்தாத்தான் பொழைப்பாங்க" என்பாள் அவர் மனைவி ஜெரினா.

துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் கப்பல் சரக்கை எண்ணிக் குறிக்கும் குமாஸ்தாவாக இருந்தவர். அதில் கடைசிப் பதினைந்து வருடம், யாரும் எடுக்க வராத பெட்டிகளைப் போட்டுவைக்கும் ஷெட்டில். அதற்கு அனாமத்து ஷெட் என்று பெயர். துருப்பிடித்த தையல் மெஷின்கள், எந்த ஊர் எழுத்தோ தெரியாத மருந்து டப்பாக்கள், ஒருமுறை இருநூறு இடதுகால் செருப்பு. இவற்றின் நடுவே உட்கார்ந்திருந்த மனிதருக்கு அந்த அனாமத்து என்ற சொல்லின் மேலேயே பித்துப் பிடித்ததில் ஆச்சரியமில்லை.

ராயபுரத்தில் அந்தச் சொல் ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழும். பஸ்ஸில் யாரோ விட்டுப்போன பை அனாமத்து. வீணாய்ப் போன உழைப்பு அனாமத்தா போச்சு. கேட்க ஆளில்லாமல் தெருவில் திரிகிற பிள்ளைகள் அனாமத்தா சுத்துதுங்க. பிணவறையில் பெயரில்லாமல் கிடக்கிற உடம்பும் அனாமத்துதான். ஆனால் சௌக்கத் அலி தேடித் தேடிப் பிடித்த கதை வேறு. அரபியில் அது அமானத்து. ஒருவர் நம்பிக்கையோடு இன்னொருவரிடம் கொடுத்து, பத்திரமாக வைத்திரு, வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிற பொருள். அது கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீஸ் காகிதங்களில் ஏறி, எழுத்து முன்பின்னாகப் புரண்டு அனாமத்து ஆனது. கொடுத்தவன் பெயர் தெரியாத காசையெல்லாம் அந்தப் பத்தியில் எழுதினார்கள். அப்புறம் ஆள் தெரியாத எல்லாவற்றுக்கும் அதுவே பெயராயிற்று. ஜப்திக்கு வந்து வீட்டுச் சாமானைத் தூக்குகிற கோர்ட்டு அமீனாவும் அதே வம்சம்தான், நம்பிக்கைக்கு உரியவன் என்று பொருள் என்று சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். கேட்டவனுக்குச் சிரிப்பு வராது. அவன் வீட்டுக்கு அமீனா வந்துபோய் ஒரு வாரம் ஆகியிருக்கும்.

இந்தக் கதைகளை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கேட்ட ஒரே மனிதர் கிரேன் ஓட்டிய செல்வநாதன். நாள் பூராவும் அந்தரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவனுக்குக் கீழே இறங்கினால் யார் எதைப் பேசினாலும் இனிக்கும் என்று அதற்குக் காரணம் சொல்வார். சாப்பாட்டு வேளையில் ஒருவர் டப்பாவிலிருந்து ஒருவர் எடுத்துத் தின்று முப்பது வருடம் ஓடிற்று. செல்வநாதனின் மகன் ஃப்ரெடி நடக்கப் பழகியதே சௌக்கத் அலியின் விரலைப் பிடித்துக்கொண்டுதான்.

ரிடையர் ஆனதும் சௌக்கத் அலி பள்ளிவாசல் ஜமாத்தின் அடக்கச் சங்கத்தில் சேர்ந்தார். கேட்பாரற்ற உடல்களைப் போலீஸிடமிருந்து வாங்கி மண்ணில் சேர்க்கும் சங்கம் அது. எந்த மதம் என்று பார்ப்பதில்லை. குளிப்பாட்டுகிற பொறுப்பு சௌக்கத் அலியுடையது. கூடவே அவர் தானாகச் சேர்த்துக்கொண்ட ஒரு வழக்கமும் இருந்தது. கடைசிக் கைப்பிடி மண்ணுக்கு முன்னால் குழிப்பக்கம் குனிந்து, "இது அமானத்து. ஒரு வருஷம் வெச்சிரு. வந்து கேட்டா குடுத்துடு" என்று மெல்லச் சொல்வார்.

இது அவர் கற்பனை செய்ததல்ல. வெளியூரில் செத்தவரை அங்கேயே ஒரு தவணை சொல்லி அமானத்தாகப் புதைத்து, பிறகு எடுத்துக்கொண்டுபோய்ச் சொந்த ஊரில் அடக்குகிற பழைய வழக்கம் முஸ்லிம்களிடம் உண்டு. அப்படிச் சொல்லி வைத்தால் தவணை முடியும்வரை மண் உடம்பைத் தொடாது என்று பெரியவர்கள் நம்பினார்கள். சொல்லாமல் மூடிய குழியைப் பிறகு தோண்டுவது பாவம் என்பதும் அதே நம்பிக்கைதான். மண் தொடாது என்பதை சௌக்கத் அலி நம்பவில்லை. ஆனாலும் இந்த உடம்பை யாரோ ஒருத்தி பெற்றிருக்கிறாள், அதை யாராவது மண்ணிடம் சொல்லியாக வேண்டும் என்று நினைத்தார். சங்கத்தின் செயலாளர் மொஹ்சின், பழைய இரும்பு வியாபாரி, இதற்குத் தடை சொல்லவில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு நாளில் எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு உடல் ஒதுங்கியது. ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீரில் கிடந்த உடம்பு. முகமோ, வேறு அடையாளமோ என்று சொல்ல உடம்பில் எதுவும் மிஞ்சவில்லை. போலீஸார் பேப்பரில் போட்டுப் பார்த்தார்கள், பத்து நாள் வைத்திருந்தார்கள், யாரும் வரவில்லை. வலது மணிக்கட்டில் பச்சையும் கறுப்புமாகத் தர்காவில் கட்டுகிற கயிறு மட்டும் இருந்தது. அதைக் கண்டதும் சௌக்கத் அலிக்கு உள்ளே ஏதோ இளகிவிட்டது. "இது நம்ம புள்ள சார்" என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் சொல்லி வாங்கி வந்தார்.

ராயபுரத்தில் தர்காக் கயிறு கட்டாத மதம் எது? ஜெரினாவே மூட்டுவலிக்கு அந்தோணியார் கோயில் எண்ணெயைத் தடவுகிறவள். ஒவ்வொரு சொல்லும் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போய் வாழ்கிறது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனிதருக்கு, ஒரு கயிறும் அப்படிப் போகும் என்று தோன்றாமல் போயிற்று. குளிப்பாட்டும்போது கயிற்றில் ஒன்பது முடிச்சுகள் இருந்ததைப் பார்த்தார். இதென்ன கணக்கு என்று ஒரு நொடி யோசித்தார், அவ்வளவுதான். கஃபன் துணி சுற்றினார்கள், இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை தொழுதார்கள், மண் போட்டார்கள். அன்றைக்கு மட்டும் அவர் குனியவில்லை. சொந்த ஜனத்திடமே வந்து சேர்ந்துவிட்டவனை யாருக்காக வைத்திருக்கச் சொல்வது, வேறு யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து ஜெரினாவிடமும் அதைச் சொன்னார். பாசம் என்று யாரும் இதைச் சொல்லலாம். எனக்கென்னவோ அவசரம் என்றுதான் தோன்றுகிறது.

அந்தச் சமயத்தில் செல்வநாதன் வீட்டில் ஃப்ரெடி இல்லை. கொச்சிக்குப் போயிருந்தான், அல்லது அப்படித்தான் அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் அவன் அம்மா ஃப்ளோரன்ஸ் இறந்ததிலிருந்து பையன் ஒரு வேலையில் நிலைக்கவில்லை. மணலியில் டேங்கர் லாரி, அப்புறம் கன்டெய்னர் யார்டு, அப்புறம் குடி. ஒரு நாள் வாய்ச்சண்டை முற்றி, பையைத் தூக்கிக்கொண்டு, கொச்சியில் படகு கட்டுகிற இடத்தில் இருக்கும் கூட்டாளி நெல்சனிடம் போகிறேன் என்று கிளம்பிவிட்டான். போன் அணைந்திருந்தது. கோபத்தில் கிடக்கிறான், அவனாகப் பேசட்டும் என்று செல்வநாதன் வீம்பாக இருந்தார். சௌக்கத் அலியிடமும் அப்படியே சொன்னார். ஆறினால் வருவான் செல்வா என்று இவரும் தேற்றினார்.

கிறிஸ்துமஸுக்கு நெல்சன் ஊருக்கு வந்தான். மாதா கோயில் வாசலில் செல்வநாதனைப் பார்த்து, ஃப்ரெடி எப்படி இருக்கிறான், வருகிறேன் என்றவன் வரவே இல்லையே என்று கேட்டான்.

மறுநாள் காலை இரண்டு கிழவர்களும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அங்கே ஒரு ஃபைலை எடுத்துப் போட்டார்கள். அடையாளம் தெரியாத உடல்களின் படங்கள், ஒரு பக்கத்துக்கு ஒருவர். செல்வநாதன் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நின்றார். முகத்தின் படத்தை அவர் பார்க்கவேயில்லை. கையின் படத்தை மட்டும் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அது தான் குளிப்பாட்டிய கை என்று சௌக்கத் அலிக்கும் தெரிந்தது.

"முடிச்ச எண்ணு பாய்" என்றார் செல்வநாதன்.

சௌக்கத் அலி எண்ண வேண்டியிருக்கவில்லை.

"ஒம்போது. நவநாளு ஜெபம், ஒரு நாளைக்கு ஒரு முடிச்சு. அவனுக்கு மஞ்சக்காமாலை வந்தப்போ ஃப்ளோரன்ஸ் தர்காவுல கயிறு வாங்கியாந்து, வூட்ல குந்திக்கினு ஒம்போது நாளு ஜெபம் பண்ணி முடிச்சு போட்டா. அவ போனதுக்கு அப்பால அவன் அத கயட்டவே இல்ல, சட்டக் கைக்குள்ளயே மறைச்சி வெச்சிருப்பான்."

போலீஸ்காரர் ஏதோ கேட்டார். செல்வநாதனுக்கு அது காதில் விழவில்லை. உடம்பு இப்போது எங்கே என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"நான்தான் குளிப்பாட்டுனேன் செல்வா. நான்தான் அடக்கம் பண்ணேன்" என்றார் சௌக்கத் அலி. "எனக்குத் தெர்ல. நம்ம ஃப்ரெடின்னு எனக்குத் தெர்லடா."

செல்வநாதன் அழவில்லை, ஏசவுமில்லை. நண்பரின் வலது கையை எடுத்து, உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தார்.

நேராக ஜமாத்தின் அடக்க நிலமான கபரஸ்தானுக்குப் போனார்கள். சுவரோரத்தில் தகரத்தில் நம்பர் எழுதி நட்டிருந்த மேடு. மழைக்கு மேடு அமுங்கிப் புல் முளைத்திருந்தது. செல்வநாதன் அதன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தான் மகனிடம் கடைசியாகப் பேசிய பேச்சைச் சொன்னார்.

"நீ அனாமத்தாதான்டா சாவேன்னு சொன்னேன் பாய். வாசப்படியில நின்னுகினு சொன்னேன். அவன் திரும்பிப் பாத்தான். ஒன்னும் பேசல, பூட்டான்." மேட்டின் புல்லைத் தடவிக்கொண்டே, "நீ எப்பவும் சொல்லுவியே, அந்த வார்த்தைக்கு மொதல்ல வேற இன்னாவோ அர்த்தம் கீதுன்னு. அத சொல்லு" என்றார்.

சும்மா இருந்திருக்கலாம். வாழ்நாளில் ஒரு தடவையாவது ஒரு சொல்லைக் கண்டும் காணாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு ஆறுதல் சொல்ல வேறு வழி தெரியவில்லை. முப்பது வருடமாக அவர் கையில் இருந்ததெல்லாம் அது ஒன்றுதான். அந்தச் சொல்லில் சாபமே கிடையாது, நாம்தான் கெடுத்துவிட்டோம் என்று ஆரம்பித்தார். ஆளில்லாதது என்று அதற்கு அர்த்தமே இல்லை. ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்தது, அவர் வந்து கேட்கும்வரை நாம் கண்ணும் கருத்துமாய்க் காக்க வேண்டியது என்றுதான் அர்த்தம் என்று விளக்கினார்.

செல்வநாதன் வழக்கம்போல் முழுவதையும் கேட்டார்.

"அப்போ ஆண்டவரு என்னிய நம்பி குடுத்து வெச்சாரு" என்றார். "நான் தொலைச்சிட்டேன்."

ஆறுதல் என்று நினைத்து எதை எடுத்துக் கொடுத்தோம் என்று சௌக்கத் அலிக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த மனிதரின் தோளைத் தொடக்கூட அவருக்குத் துணிவு வரவில்லை. இந்த மண்ணிடம் உன் பிள்ளையைப் பற்றி மட்டும் நான் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை என்பதைச் சொல்ல எங்கிருந்து துணிவு வரும்?

"அவங்கம்மா பக்கத்துல படுக்க வெக்கணும் பாய்" என்றார் செல்வநாதன். "அது ஒன்னு மட்டும் எனக்குச் செஞ்சி குடு."

அந்த ஒன்று ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தது. செல்வநாதனின் ரத்தத்தை எடுத்து, புதைக்குமுன் போலீஸ் எடுத்துவைத்த மாதிரியோடு ஒப்பிட்டு மகன்தான் என்று சான்று வந்தது. பாதிரியார் கல்லறைத் தோட்டத்தில் ஃப்ளோரன்ஸின் குழிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினார். தாசில்தார் ஆபீஸில் எல்லாம் சரி, கபரஸ்தான் ஜமாத்துடையது என்பதால் அவர்கள் சம்மதக் கடிதம் மட்டும் வேண்டும் என்றார்கள். அங்கேதான் கால் தடுக்கியது.

மாலை அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலை ஒட்டிய அறையில் ஆறேழு பேர் உட்கார்ந்தார்கள். யாருக்கும் செல்வநாதன் மேல் இரக்கமில்லாமல் இல்லை. ஆனால் தெரிந்தோ தெரியாமலோ ஜனாஸா தொழுது அடக்கியாயிற்று, மூடிய குழியைத் தோண்டுவது மையித்தை, இறந்த உடலை, துன்புறுத்துவது போல என்றார் பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத். அமானத்தாக வைத்திருந்தால் பேச்சே இல்லை, உரியவர் வந்து கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றும் அவரே சொன்னார். எல்லோருடைய கண்ணும் சௌக்கத் அலியிடம் வந்தது.

"நீங்க எப்பவும் குனிஞ்சி சொல்லுவீங்களே பாய், அன்னிக்கி சொன்னீங்களா?" என்று கேட்டார் மொஹ்சின்.

அவர் அதுவரை பொய்யே சொல்லாதவர் என்றெல்லாம் நான் அளக்க மாட்டேன். ஜெரினாவிடம் இனிப்பு சாப்பிடவில்லை என்று தினமும் பொய் சொல்கிறவர்தான். ஆனால் துறைமுகத்தில் முப்பத்தோரு வருடத்தில் ஒரு சரக்கைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. அர்த்தம் தெரியாத சொல்லுக்குத் தெரியாது என்றுதான் சொல்வாரே தவிர, வாய்க்கு வந்ததைச் சொன்னதில்லை. அந்த அறையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். அதனால்தான் வேறு சாட்சி கேட்காமல் அவரை மட்டும் கேட்டார்கள்.

"சொன்னேன்" என்றார்.

"அல்லாஹ்வ சாட்சியா வெச்சி சொல்றீங்களா?" என்றார் ஹஜ்ரத், அன்பாகத்தான்.

"அல்லாஹ் சாட்சி."

கடிதம் எழுதிக் கையெழுத்தானது. வீட்டுக்கு வந்து, ஒத்துக்கொண்டார்கள் என்று ஜெரினாவிடம் சொன்னார். அன்றைக்கு அவர் சொல்லாமல் விட்டது அவளுக்குத் தெரியும். எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று அவள் கேட்கவில்லை. தட்டை வைத்துச் சோற்றைப் போட்டு, "சாப்புடுங்க" என்றாள். அவர் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை, தாசில்தாரும் டாக்டரும் போலீஸும் நிற்கக் குழியைத் திறந்தார்கள். செல்வநாதனைக் கபரஸ்தான் வாசலுக்கு வெளியே நெல்சனோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். மழை ஈரத்தில் மூன்று மாதம் கிடந்த உடம்பு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. டாக்டருக்கும் தாசில்தாருக்கும் அதில் வியப்பு ஒன்றுமில்லை. ஆனால் மொஹ்சின் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குழிக்குள் எட்டிப் பார்த்தவர், அதற்குப் பிறகு குழியைப் பார்க்கவில்லை. சௌக்கத் அலியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெட்டியை ஆணியடித்து வண்டியில் ஏற்றிய பிறகு பக்கத்தில் வந்தார்.

"சொல்லி வெச்சிருந்தா மண்ணு இந்த மாதிரி பண்ணாது பாய்" என்று தணிந்த குரலில் சொன்னார். மொஹ்சின் அதை முழுசாக நம்புகிறவர். நம்பிக்கை மூடத்தனமாக இருக்கலாம், கண்டுபிடித்தது என்னவோ உண்மையை. "யாருக்கும் சொல்ல மாட்டேன். குளிப்பாட்டுற ரூம் சாவிய குடுத்துடுங்க. இனிமே வேற ஆளு பாத்துக்கட்டும்."

சௌக்கத் அலி இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். ஏழு வருடமாக, கண் மூடாமல் கிடந்த எத்தனையோ பேரின் கண்ணை மூடிவிட்ட கை. இனி அதற்கு வேலையில்லை. பிறகு வண்டியில் ஏறி, பெட்டியின் பக்கத்தில் செல்வநாதனோடு உட்கார்ந்துகொண்டார்.

கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் காத்திருந்தார். ஃப்ளோரன்ஸின் சிலுவைக்குப் பக்கத்தில் புதுக்குழி. பெட்டியை இறக்கி, தீர்த்தம் தெளித்து, ஜெபம் சொல்லி முடித்ததும் கூடியிருந்த இருபது முப்பது பேரும் ஒரே குரலில் ஆமென் என்றார்கள். எத்தனையோ கல்யாணத்திலும் சாவிலும் இந்தக் கூட்டத்தோடு நின்று சௌக்கத் அலியும் அதைச் சொல்லியிருக்கிறார். பள்ளிவாசல் பிரார்த்தனையின் முடிவில் வருகிற ஆமீனும் இதுவும் ஒன்றுதான். அமானத்தும் அமீனாவும் அனாமத்தும் பிறந்த அதே வேரிலிருந்து, எல்லாவற்றுக்கும் மூத்ததாக வந்த சொல் அது. இது உறுதி, இதில் பொய்யில்லை என்பது அதன் பொருள். பொருள் தெரியாமல் இருந்திருந்தால் எல்லோரையும்போல் சொல்லிவிட்டுப் போயிருப்பார். உதடு வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை.

எல்லோரும் மண் போட்டுவிட்டுக் கலைந்தார்கள். செல்வநாதன் கையை உதறிக்கொண்டு அவரிடம் வந்தார். கிறிஸ்துமஸுக்குப் பிறகு முதல் தடவையாக முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"நீ ஜமாத்துல இன்னா சொன்னன்னு நெல்சன் சொன்னான் பாய். மண்ணுகிட்ட சொல்லி வெச்சியாமே, வந்து கேட்டா குடுத்துடுன்னு." அவர் சௌக்கத் அலியின் அந்த வலது கையை மறுபடி எடுத்து இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். "நான் தொலைச்சத நீ பத்திரமா வெச்சிருந்த."

"ஆமா செல்வா" என்றார் சௌக்கத் அலி.